எபிரேய மறைநூலில் பனி: பொருளும் குறியீடும் (ஓசியா நூலின் மூன்று உவமைகளை முன்னிறுத்தி)

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய மறைநூலில் பனி இறையாசியின் குறியீடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். எனினும் அதே நூலில் நிலையற்ற அன்பு, தடமின்றி மறையும் மக்கள், எதிரியைச் சூழும் படை ஆகியவற்றுக்கும் பனி உவமையாக வந்துள்ளது. இவ்வேறுபாட்டை விதியாகவும் விலக்காகவும் பிரித்துக் கொள்வது போதுமானதன்று. இரவில் ஓசையின்றி வருதல், மனித முயற்சியை எதிர்பாராமை, சேமிக்க இயலாமை, வெயிலில் மறைதல் என்னும் இயற்கைப் பண்புகளிலிருந்தே இரு பொருள்களும் பிறக்கின்றன. பனியின் வருகை உவமையாகும்போது கொடையும், அதன் மறைவு உவமையாகும்போது நிலையாமையும் முன்னிற்கின்றன. இவ்விரு நோக்குகளையும் ஒரே நூலுக்குள் மோதவிட்டு, நிலையாமையின் உவமையையே மீட்பின் உவமையாக மாற்றியவர் ஓசியா என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பனி, எபிரேய மறைநூல், ஓசியா, உவமை, உகாரித்து, மன்னா, மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

பனியைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘தல்’ என்பது. எபிரேய மறைநூலின் எபிரேய மொழிப் பகுதிகளில் இச்சொல் 31 முறை இடம்பெறுகிறது. தானியேல் நூலின் அரமேயப் பகுதியில் இதற்கு இணையான சொல் 5 முறை வருகிறது. மழையைக் குறிக்கும் சொற்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கையே. ஆயினும் ஆசிமொழி, சாபம், புலம்பல், சட்டநூலின் வரலாற்றுப் பகுதி, காதற்பாட்டு, இறைவாக்கு, ஞானநூல் எனப் பல இலக்கிய வகைகளிலும் இச்சொல் பரவிக் கிடக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் வந்து இத்துணை வகைகளில் பயிலும் இயற்கைப்பொருள் தனி ஆய்வுக்கு உரியது.

மறைநூற் கலைக்களஞ்சியங்களும் விளக்கவுரைகளும் பனியைப் பெரும்பாலும் ‘ஆசி’, ‘புத்துயிர்’, ‘வளம்’ என்னும் தலைப்புகளில் தொகுத்து, எதிர்மறைப் பயன்பாடுகளை இறுதியில் விதிவிலக்குகளாகக் குறிப்பிடுகின்றன. இம்முறையில் இழப்பொன்று உண்டு. ஆசிக்குரிய பனி வேறு, அழிவுக்குரிய பனி வேறு எனப் பிரித்துவிட்டால், இரண்டையும் ஒருசேர எண்ணிப் பாடிய ஒரு புலவரின் கலைத்திறம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓசியா நூலுக்கு நேர்ந்தது அதுவே. அந்நூலில் மும்முறை வரும் பனியைத் தொடர்புபடுத்திப் படிக்கும்போதுதான் நூலின் வாதம் முழுமை பெறுகிறது. அதற்குத் துணையாக, பிற நூல்களில் பனி பெறும் பொருள்கள் முதலில் ஆராயப்படுகின்றன.

2. நிலமும் பருவமும்

பனியின் குறியீட்டை அறிய அது விழும் நிலத்தை அறிதல் வேண்டும். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் மழை ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். முன்மாரி உழவுக்கும் விதைப்புக்கும் வழிவகுக்கிறது. பின்மாரி கதிரை முற்றச் செய்கிறது. அதன்பின் வரும் நீண்ட கோடையில்தான் திராட்சையும் அத்தியும் ஒலிவமும் பழுக்க வேண்டும். அக்காலத்தில் மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த நிலத்தின்மேல் பனியாகப் படிகிறது.

இதன் அளவு புறக்கணிக்கத்தக்கதன்று. நெகேவ் மேட்டுநிலத்தின் அவ்தாத் பகுதியில் மைக்கேல் எவனாரி குழுவினர் மேற்கொண்ட அளவீடுகள், ஆண்டுதோறும் படியும் பனிநீர் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் எனக் காட்டின. ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டரையும் எட்டாத நிலத்தில் இது பெரும்பங்கு. மேலும், மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடும். பனியோ அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை.

இச்சூழல் மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, பனி மழைக்கு மாற்றாக மழையில்லாக் காலத்தில் வரும் நீர். இரண்டாவது, கால்வாயோ கிணறோ வேண்டாமல், உழவன் உறங்கும்போது வரும் நீர். மூன்றாவது, கதிரவன் எழுந்த சில நாழிகையில் மறைந்துவிடும் நீர். முதலிரு பண்புகளும் கொடையை நோக்கியும், மூன்றாவது பண்பு நிலையாமையை நோக்கியும் கற்பனையை இழுக்கின்றன.

3. சொல்லும் மொழிபெயர்ப்பும்

நிலத்தருகே உள்ள காற்றின் ஈரமே குளிர்ந்த பரப்பில் நீராகிறது என்பது இன்றைய அறிவியல். எபிரேயப் புலவர்கள் பனி வானிலிருந்து இறங்குவதாகவே கண்டனர். ஆகவே ‘இறங்குதல்’, ‘விழுதல்’, ‘சொட்டுதல்’, ‘ஒழுகுதல்’ ஆகிய வினைகள் பனியோடு சேர்ந்து வருகின்றன. உபாகமம் 32:2 மோசேயின் போதனையை மழை, பனி, மென்தூறல், பெருந்தூறல் என நான்கு நீர்வடிவங்களோடு ஒப்பிடுகிறது. கேட்போரின் உள்ளத்தில் வலிந்து புகாமல் மெல்ல ஊறும் சொல்லுக்குப் பனி அங்கு உவமையாகிறது.

சங்கீதம் 133-இல் ‘இறங்குதல்’ என்னும் வினை மூன்று முறை அடுக்கி வருகிறது. ஆரோனின் தாடியில் இறங்கும் எண்ணெயும், அங்கியின் கழுத்தோரம் வரை இறங்குவதும், சியோன் மலைகள்மேல் இறங்கும் எர்மோனின் பனியும் ஒரே வினையால் கோக்கப்படுகின்றன. 2,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த எர்மோன் நாட்டின் வடகோடியில் உள்ளது. சியோன் அதிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. ஒன்றின் பனி மற்றொன்றில் விழ இயலாது என்பதால், ‘சியோன்’ என்பதை வேறு இடப்பெயராகத் திருத்திப் படிக்க முனைந்தோரும் உண்டு. பாடலின் பொருள் உடன்பிறந்தாரின் ஒற்றுமை. வடக்கின் வளம் தெற்கின் வறண்ட குன்றுகளைச் சேர்வது அப்பொருளுக்கு மிகப் பொருத்தமான படிமம். எனவே திருத்தம் தேவையில்லை. இயற்கையில் இயலாதது பாடலில் நிகழ்வதே இங்குக் கருத்து.

தமிழில் இப்பகுதிகளைப் படிப்போர்க்குத் தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. ‘தல்’ என்பது தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘பனி’ என வருகிறது. தமிழ்ப் ‘பனி’ துளியை மட்டுமன்றிக் குளிரையும் நடுக்கத்தையும் கண்ணீரையும் குறிக்கும் சொல். முன்பனி, பின்பனி எனப் பருவத்தின் பெயராகவும் அது நிற்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்குகிறது. ஆகவே தமிழ் மரபில் பனி, பிரிந்தோரை வருத்தும் குளிர்காலத்தோடு ஆழமாகப் பிணைந்தது. எபிரேய மரபில் பனியின் சிறப்பு கோடையின் வெம்மையில் வெளிப்படுவது. ஏசாயா 18:4, இறைவனின் அமைதியான நோக்கை அறுவடைக்கால வெப்பத்தில் தோன்றும் பனிமேகத்தோடு ஒப்பிடுகிறது. மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு இவ்வுவமையைப் படித்தால் அதன் ஆற்றல் புலப்படாது. வெயிலில் தவிக்கும் திராட்சைக் கொடியை நினைத்தல் வேண்டும். உறைபனியைக் குறிக்கும் வேறோர் எபிரேயச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஏசாயா 1:18-இல் ‘உறைந்த மழை’ எனப் பெயர்த்ததால், ‘தல்’ அதனோடு கலவாமல் காக்கப்பட்டது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

தமிழ்ப் பனியின் துன்பச் சாயல் எபிரேயத்தில் அறவே இல்லை எனவும் கூற இயலாது. உன்னதப்பாட்டு 5:2-இல் காதலன் தலையெல்லாம் பனியால் நனைந்து கதவருகே நிற்கிறான். தானியேல் 4-ஆம் அதிகாரத்தில் அரசுரிமை இழந்த நேபுகாத்நேச்சார் வானத்தின் பனியில் நனைந்து விலங்கோடு விலங்காய்த் திரிகிறான். கூரையின்றி இரவில் நிற்பவனுக்குப் பனி இன்னல். பயிருக்கு ஆசியாக வரும் அதே துளி, வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதனுக்கு அவனது நிலையை உணர்த்தும் அடையாளமாகிறது.

4. ஆசியும் அதன் மறுபுறமும்

பனி முதன்முதலாக இடம்பெறும் பகுதி ஆதியாகமம் 27. கண்பார்வை மங்கிய ஈசாக்கு, ஏசா என எண்ணி யாக்கோபுக்கு வானத்துப் பனியையும் நிலத்தின் கொழுமையையும் ஆசியாக அளிக்கிறார் (27:28). பின்னர் உண்மை வெளிப்பட்டு ஏசா கதறும்போது, அதே இரு பொருள்களை வரிசை மாற்றிக் கூறுகிறார் (27:39). யாக்கோபுக்கு முதலில் வானம், பிறகு நிலம். ஏசாவுக்கு முதலில் நிலம், பிறகு வானம்.

இரு கூற்றுகளிலும் ‘மின்’ என்னும் எபிரேய இடைச்சொல் வருகிறது. இது ‘ஒன்றிலிருந்து ஒரு பங்கு’ என்றும் ‘ஒன்றினின்று விலகி’ என்றும் பொருள்படும். யாக்கோபுக்கு உரைத்ததில் ‘கொடுப்பாராக’ என்னும் வினை இருப்பதால் பங்கு பெறுதலே பொருள். ஏசாவுக்கு உரைத்ததில் அவ்வினை இல்லை. அவன் வாழிடம் வளத்தில் அமையும் எனவும் கொள்ளலாம். வளத்தினின்று விலகியிருக்கும் எனவும் கொள்ளலாம். அடுத்து வரும் அடி வாளால் பிழைக்கும் வாழ்வைக் கூறுவதால் உரையாசிரியர் பலர் இரண்டாம் பொருளைத் தேர்ந்தனர். ஆனால் இருபொருளும் ஒலிக்குமாறு ஒரே சொல்லை இரு மைந்தர்க்கும் தந்தை கூறுவதே காட்சியின் அவலம். ஒருவனுக்கு அளிக்கப்பட்ட பனி மற்றவனுக்கு எட்டாப் பனியாக மாறுகிறது. ஆசியின் முதல் தோற்றத்திலேயே இழப்பின் நிழல் படிந்துள்ளது.

கில்போவா மலையில் சவுலும் யோனத்தானும் மடிந்தபோது தாவீது பாடிய புலம்பல் (2 சாமுவேல் 1:21) இந்நிழலை முழு இருளாக்குகிறது. வீரரின் கேடயம் வீழ்ந்த மலையில் பனியும் மழையும் இனி இறங்கலாகாது என அவர் மலைகளை நோக்கிச் சபிக்கிறார். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகாரித்துக் களிமண் பலகைகள் இச்சாபத்துக்கு ஒப்புமை தருகின்றன. அக்காத்து கதையில் இளைஞன் கொல்லப்பட்டபின் அவன் தந்தை தானேல், ஏழெட்டு ஆண்டுகள் பாகால் பொய்ப்பான் எனவும் பனியும் மழையும் ஆழத்து நீரின் பொங்கலும் இராது எனவும் உரைக்கிறான். இவ்வொப்புமையை 1938-இல் எச். எல். கின்ஸ்பெர்க் எடுத்துக்காட்டி, தாவீதின் பாடலில் பொருள் விளங்காதிருந்த ‘காணிக்கை வயல்கள்’ என்னும் தொடரை ‘ஆழத்து நீரின் பொங்கல்’ எனத் திருத்திப் படிக்கலாம் என முன்மொழிந்தார். திருத்தத்தை ஏற்பினும் மறுப்பினும், இளவீரனின் சாவுக்கு நிலம் பனியிழந்து துக்கம் காக்க வேண்டும் என்பது அப்பகுதியின் பொதுவான கவிமரபு எனத் தெளிவாகிறது.

5. பனி யாருக்கு உரியது?

உகாரித்துப் பாடல்களில் பாகாலின் மகளிருள் ஒருத்தியின் பெயர் தல்லாய். பனியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த பெயர் அது. புயலுக்கும் மழைக்கும் தலைவனாகிய பாகாலுக்குப் பனி மகளாகிறது. இப்பின்னணியில் எபிரேய மறைநூலின் மூன்று பகுதிகள் புதுப்பொருள் பெறுகின்றன.

எலியா ஆகாப் அரசனின் முன் தோன்றியவுடன், தம் வாக்கின்றிப் பனியும் மழையும் வாரா என ஆணையிடுகிறார் (1 இராஜாக்கள் 17:1). மழையை மட்டும் நிறுத்தினாலே பஞ்சம் வரும். பனியையும் சேர்த்தது, பாகாலின் ஆட்சிப்பரப்பு முழுவதையும் மறுப்பதற்காகும். பாகால் வழிபாட்டை ஆதரித்த அரசவையில் இவ்வாணை பஞ்ச அறிவிப்பாக மட்டும் கேட்டிராது. உரிமைப் போராகவே கேட்டிருக்கும்.

கிதியோன் ஆட்டுமயிரைக் களத்தில் இட்டுச் செய்த சோதனையும் (நியாயாதிபதிகள் 6:36-40) இவ்வரிசையில் சேர்வது. முதல் இரவில் மயிர்மட்டும் நனைந்து, பிழிந்தபோது ஒரு கிண்ணம் நீர் நிறைகிறது, களம் காய்ந்திருக்கிறது. கம்பளி ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையதாதலால் இது இயற்கையாகவும் நிகழக்கூடும். எனவே அவன் எதிர்மாறான இரண்டாம் சோதனையை வேண்டுகிறான்: களம் நனைந்து மயிர் காய்ந்திருத்தல். இதனை நம்பிக்கைக் குறைவின் கதையாகப் படிப்பதே வழக்கம். ஆயினும் அதே அதிகாரத்தில் இதற்குச் சற்று முன்னர்தான் அவன் தன் தந்தையின் பாகால் பலிபீடத்தை இடித்து ‘எருபாகால்’ என்னும் பெயர் பெற்றிருக்கிறான். பாகாலோடு மோதியவன் அடுத்துப் பனியைக் கொண்டு சோதிப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பனியை விரும்பிய இடத்தில் இறக்குபவர் யார் என்பதே அவ்வினாவின் உட்கிடை.

யோபு 38:28 இவ்வாதத்தைக் கேள்வியாக வடிக்கிறது. மழைக்குத் தந்தை உண்டா எனவும் பனித்துளிகளைப் பெற்றவர் யார் எனவும் இறைவன் வினவுகிறார். பாகாலைத் தந்தையாகவும் தல்லாயை மகளாகவும் அறிந்த பண்பாட்டுச் சூழலில் ‘பெறுதல்’ என்னும் வினை கூர்மையுடையது. பனிக்குப் பிறப்புக்கதை இல்லை. படைப்பு மட்டுமே உண்டு என்பது வினாவின் குறிப்பு.

பனியைக் கொடுப்பதும் தடுப்பதும் ஒருவரே என்னும் இக்கருத்து வழிபாட்டு வாழ்விலும் தொடர்கிறது. கி.மு. 520-ஐச் சார்ந்த ஆகாய், கோயில் பாழாய்க் கிடப்பதால் வானம் பனியை நிறுத்தியது என்கிறார் (1:10). அவருடைய காலத்தவரான சகரியா, வானம் மீண்டும் பனியைத் தரும் என அறிவிக்கிறார் (8:12).

6. சேமிக்க இயலாக் கொடை

கொடையும் நிலையாமையும் ஒரே நிகழ்வில் சந்திக்கும் இடம் மன்னாவின் வரலாறு. யாத்திராகமம் 16:13-14-இன்படி காலையில் பாளயத்தைச் சுற்றிப் பனிப்படலம் படிந்து, அது நீங்கியபின் நிலத்தில் மெல்லிய உணவு தெரிகிறது. எண்ணாகமம் 11:9 இரவில் பனி இறங்கும்போது அதன்மேல் மன்னாவும் இறங்கியது என்கிறது. இரு குறிப்புகளையும் இணைத்த யூத மரபு, மன்னா மேலும் கீழும் பனியால் பொதியப்பட்டிருந்தது எனக் கொண்டது. ஓய்வுநாள் உணவில் அப்பத்தைத் துணிகளுக்கிடையே வைக்கும் வழக்கத்துக்கு இவ்விளக்கமும் கூறப்படுகிறது.

மன்னா பனியோடு வருவதோடு பனியின் இயல்பையும் பெறுகிறது. வெயில் ஏறியதும் உருகுகிறது. ஓய்வுநாளுக்காக வைத்தது தவிர, மறுநாளுக்கென வைத்தது புழுத்து நாறுகிறது (16:20-21). நிலையாமை இங்குக் குறைபாடாகக் கூறப்படவில்லை. அன்றாடம் புதிதாகப் பெறவேண்டும் என்னும் உறவுமுறையாக அது மாறுகிறது. களஞ்சியத்தில் அடைக்க முடியாத கொடை, கொடுப்பவரை மறக்கவிடாத கொடை. பனியின் மறைவு ஆசிக்கு முரணானது அன்று, ஆசியின் ஒரு தன்மையே என்பதற்கு இப்பகுதி முதற்சான்று.

7. சிங்கமும் பனியும்

மீகா 5:7-8 ஆய்வாளரிடையே கருத்து வேறுபாட்டுக்கு உரியது. மக்களினங்கள் நடுவே யாக்கோபின் எஞ்சியோர் இறைவனிடமிருந்து வரும் பனிபோல் இருப்பர் என ஓர் உவமையும், ஆட்டுமந்தையில் புகுந்த சிங்கம்போல் இருப்பர் என அடுத்த உவமையும் வருகின்றன. பனி பிற இனங்களுக்கு நன்மையைக் குறித்தால் சிங்கத்தோடு அது எவ்வாறு பொருந்தும்? சிலர் பனியையும் படையெடுப்பின் உவமையாகக் கொள்வர். அதற்கு 2 சாமுவேல் 17:12 சான்றாகிறது. அங்கு ஊசாய், நிலத்தின்மேல் பனி விழுவதுபோல் தாவீதின்மேல் விழுவோம் என அப்சலோமுக்கு யோசனை கூறுகிறான். எண்ணற்ற துளிகளாய், ஓசையின்றி, ஓரிடமும் விடாமல் படிவது அங்கு ஒப்புமை. ஆனால் அது அப்சலோமைக் காலந்தாழ்த்தச் செய்ய ஊசாய் சொன்ன வஞ்சக உரை என்பதை மறத்தலாகாது. 12,000 பேருடன் அன்றிரவே தாக்க வேண்டும் என்ற அகித்தோப்பேலின் கூரிய திட்டத்தை வெல்வதற்காகவே அவ்வழகிய உவமை எழுகிறது.

மீகாவின் உவமைக்கு நெருங்கிய ஒப்புமை நீதிமொழிகள் 19:12-இல் உள்ளது. அரசனின் சினம் சிங்கத்தின் முழக்கம். அவன் தயவு புல்லின்மேற் பனி. அங்குச் சிங்கமும் பனியும் ஒருவரிடமே உள்ள இரு ஆற்றல்கள். இதனை ஒட்டி மீகாவைப் படித்தால், எஞ்சிய மக்கள் பிறர்க்கு அருளாகவும் அச்சமாகவும் அமையக்கூடும் என்னும் பொருள் இயல்பாகக் கிடைக்கிறது. மேலும், அப்பனி மனிதர்க்காகக் காத்திராதது என மீகா தாமே விளக்குகிறார். பயிர்நீரின் பண்பு அது; போர்ப்படைக்குரிய பண்பாகத் தோன்றவில்லை. மனித ஆற்றலைச் சாராமையே இவ்வுவமையின் உயிர்நிலை.

8. ஓசியா: மூன்று உவமைகள், ஒரு வாதம்

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வட அரசில் இறைவாக்கு உரைத்த ஓசியாவின் நூலில் பனி 6:4, 13:3, 14:5 ஆகிய மூன்று இடங்களில் வருகிறது. எபிரேய மூலத்தில் மூன்றாவது 14:6 என எண்ணப்படும்.

முதலிடத்தின் சூழல் கருதத்தக்கது. 6:1-3-இல் மக்கள் மனந்திரும்புவோம் எனப் பாடுகின்றனர். இறைவன் தங்களிடம் மழைபோல், நிலத்தை நனைக்கும் பின்மாரிபோல் வருவார் என உறுதியாக நம்புகின்றனர். உடனே 6:4-இல் மறுமொழி வருகிறது: அவர்களுடைய அன்பு காலை மேகம் போன்றது, விடியலில் அகலும் பனி போன்றது. ‘அன்பு’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் ‘ஹெசெத்’. உடன்படிக்கைக்கு உட்பட்டோர் ஒருவர்க்கொருவர் காட்டும் மாறாப் பற்றுறுதியை அது குறிக்கும். மாறாமையே இலக்கணமாகக் கொண்ட சொல்லுக்குச் சில நாழிகையில் மறையும் பனியை உவமையாக்கியதில் உள்ள முரண் மிகக் கடுமையானது. மக்கள் தம் இறைவனை மழையாகக் கேட்கின்றனர். தாமோ பனியாக நிற்கின்றனர்.

இரண்டாமிடம் (13:3) அதே தொடரை மீட்டுச் சொல்லி, களத்திலிருந்து காற்று அடித்துச்செல்லும் பதரையும் பலகணி வழியே வெளியேறும் புகையையும் சேர்க்கிறது. முதலிடத்தில் அவர்களுடைய அன்பு பனியாயிற்று. இங்கு அவர்களே பனியாகின்றனர். வார்ப்புச் சிலைகளை வணங்கியோர்க்கு உரைத்த தீர்ப்பு இது. பற்றுறுதி ஆவியானால் அதனைத் தாங்கியிருந்த மக்களும் ஆவியாவர் என்னும் ஏரணம் இரு இடங்களையும் இணைக்கிறது. அவ்வதிகாரத்தின் இறுதியில் பாலைநிலத்திலிருந்து வரும் கீழைக்காற்று ஊற்றுகளை வற்றச் செய்கிறது. நூல் முற்றாக உலர்ந்துபோகும் எல்லை அது.

மூன்றாமிடத்தில் இறைவன் இசுரயேலுக்குத் தாமே பனியாவதாகக் கூறுகிறார். மக்கள் 6-ஆம் அதிகாரத்தில் எதிர்பார்த்தது மழை. உலர்ந்த நிலத்தின் முன் மழையை வாக்களிப்பதே இயல்பாக இருந்திருக்கும். எனினும் நூல் மழையைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்களின் குற்றத்துக்குச் சான்றாக இருமுறை காட்டப்பட்ட பனியையே எடுத்துக்கொள்கிறது. அவர்களை இகழ்ந்த உவமைக்குள் இறைவன் தாமே புகுகிறார். மனிதரிடம் நிலையாமையாக இருந்தது இறைவனிடம் வைகறைதோறும் மீண்டும் வரும் உண்மையாக மாறுகிறது. பனி மறைகிறது என்பது ஒரு காலைப்பொழுதின் செய்தி. பனி திரும்பி வருகிறது என்பது ஒரு கோடை முழுவதின் செய்தி. ஓசியா முதல் நோக்கிலிருந்து இரண்டாம் நோக்குக்கு நகர்கிறார்.

அடுத்து வரும் அடிகள் இம்மாற்றத்தை உறுதிசெய்கின்றன. பனி பெற்ற இசுரயேல் அல்லிபோல் மலர்ந்து, லீபனோனைப்போல் வேரூன்றும். பனி நிலத்தின் மேற்பரப்பை மட்டும் நனைப்பது, ஆழத்துக்குச் செல்லாதது. மேற்பரப்பு நீரால் லீபனோனின் வேர் உண்டாகிறது என்பதில் உவமை இயற்கையை மீறுகிறது. 6:4-இல் ஆழமற்ற அன்பைச் சுட்டிய பனி, இங்கு ஆழத்தை உண்டாக்குகிறது. சங்கீதம் 133 தொலைவைக் கடந்ததுபோல் ஓசியா 14 ஆழத்தைக் கடக்கிறது.

ஓசியா நூலின் இறுதிப் பகுதி பிற்காலச் சேர்க்கை எனக் கருதும் ஆய்வாளர் உளர். அக்கருத்தை ஏற்பினும் மேற்கூறிய வாதம் தளராது. சேர்த்தவர் 6, 13 அதிகாரங்களின் சொல்லையே தேர்ந்து எதிரொலித்திருப்பது, அவர் நூலை நுணுகிப் படித்ததற்குச் சான்றாகும். உவமைகளின் இணைப்பு ஒருவரின் திட்டமாயினும் இருவரின் உரையாடலாயினும், இன்றுள்ள வடிவில் நூல் அவ்விணைப்பின்மீதே நிற்கிறது.

9. மண்ணில் உறங்குவோரின் பனி

ஓசியா தொடங்கிய மாற்றம் ஏசாயா 26:19-இல் சாவின் எல்லையைத் தொடுகிறது. மண்ணில் கிடப்போர் விழித்துப் பாடுவர். இறைவனின் பனி அவர்கள்மேல் இறங்கும். நிலம் தன் இறந்தோரை வெளியிடும். இங்குப் பனியை அடைகொளுத்தும் ‘ஓரோத்’ என்னும் சொல்லுக்கு ‘ஒளிகள்’ எனவும் ‘பூண்டுகள்’ எனவும் பொருள் கூறுவர். 2 இராஜாக்கள் 4:39-இல் அது பூண்டுகளைக் குறிக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் பூண்டுகள் என்னும் பொருளையே தழுவியது. பூண்டு எனக் கொண்டால் காய்ந்த வேர் துளிர்க்கும் காட்சியும், ஒளி எனக் கொண்டால் இருளில் கிடப்போர்மேல் விடியல் படியும் காட்சியும் கிடைக்கின்றன. பனியும் விடியலும் ஒருங்கே வருவன ஆதலால் இரு பொருளும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

யூத ரபிமார் இவ்வடியிலிருந்து ‘உயிர்ப்பிக்கும் பனி’ என்னும் கருத்தை வளர்த்தனர். இறந்தோரை எழுப்பவிருக்கும் பனி ஏழாம் வானத்தில் வைக்கப்பட்டுள்ளது எனத் தால்முத் நூலின் ஹகிகா பகுதி (12ஆ) கூறும். இன்றளவும் பாஸ்கா விழாவின் முதல் நாளில், மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும் தறுவாயில், பனிக்கான வேண்டல் ஓதப்படுகிறது. அஸ்கெனாசி மரபில் ஓதப்படும் பாடல் எலெயாசர் காலிருக்கு உரியதாகக் கருதப்படுகிறது.

தால்முத் நூலின் தானீத் பகுதி (3அ) இதற்கொரு நுட்பமான குறிப்பைத் தருகிறது. மழையைப்போல் பனியை வேண்டலில் கட்டாயம் குறிப்பிட வேண்டியதில்லை. ஏனெனில் பனி ஒருபோதும் நிறுத்தப்படுவதில்லை. எலியா பனியையும் மழையையும் நிறுத்துவதாக ஆணையிட்டார். 1 இராஜாக்கள் 18:1-இலோ இறைவன் மழையை மட்டுமே மீண்டும் தருவதாகக் கூறுகிறார். பனி நின்றிருக்கவில்லை என்பதே அம்மௌனத்தின் பொருள் எனவும், எலியாவின் ஆணையால் நின்றது ஆசிக்குரிய பனி மட்டுமே எனவும் ரபிமார் கொண்டனர். அரசனும் இறைவாக்கினரும் மோதிய பஞ்சத்திலும் நிலம் இரவுதோறும் நனைந்தே இருந்தது என்னும் இவ்வாசிப்பு, ஓசியாவின் மூன்றாம் உவமைக்குப் பொருத்தமான உரையாகிறது.

10. முடிவுரை

எபிரேய மறைநூலில் பனிக்கு நிலையான ஒற்றைப்பொருள் இல்லை. நிலையான பண்புகள் உண்டு. ஈசாக்கின் ஆசியில் அதே பனி ஒருவனை வாழ்த்தி மற்றவனை விலக்குகிறது. கில்போவாவில் அதன் இன்மை துக்கமாகிறது. எலியா, கிதியோன், யோபு பகுதிகளில் பாகாலின் உரிமையை மறுக்கும் களமாகிறது. மன்னாவில் அதன் மறைவே அன்றாட நம்பிக்கையின் பயிற்சியாகிறது. மீகாவில் மனித முயற்சியைச் சாராத ஆற்றலாகிறது.

இவ்வனைத்தையும் ‘ஆசி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கினால் ஓசியா 6:4 விதிவிலக்காகத் தள்ளப்படும். 14:5 வழக்கமான வாழ்த்தாகச் சுருங்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, குற்றச்சாட்டின் சொல்லையே வாக்குறுதியின் சொல்லாக்கிய அந்நூலின் துணிவு விளங்கும். தமிழில் இப்பகுதிகளை உரைப்போரும் பெயர்ப்போரும் மூன்று இடங்களிலும் ஒரே சொல்லாகிய ‘பனி’யைப் பேணுதல் இன்றியமையாதது. ஓரிடத்தில் ‘பனி’ எனவும் வேறோரிடத்தில் ‘ஈரம்’, ‘தூறல்’ எனவும் பெயர்த்தால் அவ்வாதம் அறுந்துவிடும். விடியலில் மறைந்த பனியே மறுநாள் விடியலில் மீண்டும் புல்நுனியில் நிற்கிறது என்பதை வாசகர் கண்டுகொள்ள அந்த ஒரு சொல் போதும்.